டோலிக்கு ஆபரேஷன்: உண்ணிக் காய்ச்சல் வந்ததை டாக்டர்கிட்ட சொல்லணுமா?

தக்கலை பக்கத்துல இருந்து ஒரு வாசகி எழுதி கேட்டிருக்காங்க. கொஞ்சம் நீளமான கடிதம், சுருக்கி போடுறேன்:

"டாக்டர், எங்க வீட்ல டோலின்னு ஒரு லேப்ரடார் இருக்கு. பொட்டை, ஏழு வயசு, குட்டி போட்டதில்ல. அடிவயித்துல கடைசி காம்பு கிட்ட நெல்லிக்கா அளவுக்கு ஒரு கட்டி வந்திருக்கு. இங்க பாக்குற டாக்டர் கட்டியையும் எடுத்து, கர்ப்பப்பையையும் சேத்து எடுத்துரலாம், நாகர்கோவிலுக்கு கொண்டு போங்கன்னு சொல்லிட்டாரு. பக்கத்து வீட்டு பக் நாய்க்கு மயக்க ஊசி போட்டு, அது எந்திரிக்கவே இல்ல. அதுல இருந்து எனக்கு ஒரே வெப்ராளமா இருக்கு. மாமியாரு வேற, வெறும் வயித்தோட கொண்டு போனா கெறங்கி விழுந்துரும், ரெண்டு இட்லியாவது குடுத்துட்டு போன்னு சொல்றாங்க. போன வருஷம் உண்ணிக் காய்ச்சல் வந்து மாத்திரை குடுத்தோம், நல்லாயிட்டுன்னு பாதியில நிறுத்திட்டோம், அதையும் புது டாக்டர்கிட்ட சொல்லணுமா? ஆபரேஷன் பண்ணலாமா வேண்டாமா?"

உண்ணிக் காய்ச்சலை கடைசியில போற போக்குல கேட்டிருக்கீங்க. கடிதத்தை படிச்சதும் எனக்கு மொதல்ல கண்ணுல பட்டது அதுதான். அதனால அங்க இருந்தே ஆரம்பிக்கிறேன்.

கண்டிப்பா சொல்லணும். டாக்டர் கேக்குறதுக்கு முன்னாடியே சொல்லணும். உண்ணிக் காய்ச்சல்ல எர்லிக்கியான்னு ஒரு வகை இருக்கு, நாய் மேல ஒட்டுற அந்த பழுப்பு உண்ணி மூலமா பரவுறது. இது வந்தா ரத்தத்துல பிளேட்லெட் குறையும், பிளேட்லெட்டுதான் வெட்டுன இடத்துல ரத்தத்தை உறைய வைக்கிறது. இதுக்கு குடுக்குற டாக்ஸிசைக்ளின் மாத்திரையை வழக்கமா நாலு வாரம் போல முழுசா குடுக்கணும். நிறைய வீட்ல என்ன நடக்குதுன்னா, நாலஞ்சு நாள்ல காய்ச்சல் விட்டு நாய் வாலாட்டி சாப்பிட ஆரம்பிச்சதும் மாத்திரையை நிறுத்திடுறாங்க, கிருமி முழுசா போகாம உள்ளேயே பதுங்கி இருக்கும். மாசக்கணக்குல வெளிய ஒண்ணும் தெரியாது. நாய் ஓடும், குரைக்கும், ரெண்டு தட்டு சோறு தின்னும், ஆனா பிளேட்லெட் மட்டும் பைய பைய இறங்கிட்டே இருக்கும். அது தெரியாம கர்ப்பப்பையை எடுக்க வயித்தை திறந்தா, கட்டுன ரத்தக்குழாய் தவிர மத்த எல்லா இடத்துலயும் ரத்தம் கசிஞ்சிட்டே இருக்கும், எந்த இடம்னு தேடி புடிக்கவும் முடியாது.

அதனால தேதி குறிக்கிறதுக்கு முன்னாடி ரத்தம் எடுக்கணும். மொத்த ரத்த எண்ணிக்கை, கிட்னிக்கு கிரியாட்டினின், ஈரலுக்கு ஒரு டெஸ்ட், சுகர், இது அத்தனையும் ஒரே தடவை ரத்தம் எடுத்தா பாத்துரலாம். ஏழு வயசு லேப்ரடாருக்கு இது ஆடம்பரம் இல்ல. மயக்க மருந்து உடம்பை விட்டு வெளிய போறது பெரும்பாலும் ஈரல், கிட்னி வழியாத்தான், அது ரெண்டும் எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சாத்தான் எந்த மருந்தை எவ்வளவு போடணும்னு டாக்டர் முடிவு பண்ண முடியும். பிளேட்லெட் நாய்க்கு சாதாரணமா 2 லட்சத்துக்கு மேல இருக்கணும். மெஷின்ல கம்மியா காட்டினா உடனே பதற வேண்டாம், சில நேரம் பிளேட்லெட் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டா மெஷின் குறைச்சு எண்ணிரும், கண்ணாடித் துண்டுல ஒரு சொட்டு ரத்தத்தை தேய்ச்சு மைக்ராஸ்கோப்புல பாத்து உறுதி பண்ணச் சொல்லுங்க. அதே ஸ்லைடுல உண்ணிக் காய்ச்சல் கிருமி தென்படுதான்னும் பாத்துக்கலாம், ஆனா ஸ்லைடுல தெரியலன்னா கிருமியே இல்லன்னு அர்த்தம் இல்ல, பழைய கேஸ்ல பெரும்பாலும் கண்ணுல படாது, அதுக்கு தனியா ரத்த டெஸ்ட் இருக்கு. பிளேட்லெட் நிஜமாவே குறைவுன்னா ஆபரேஷனை சில வாரம் தள்ளி வச்சு, மாத்திரையை இந்த தடவை முழுசா முடிச்சு, மறுபடி எண்ணிப் பாத்துட்டு செய்யலாம். நெல்லிக்கா அளவு கட்டி அந்த சில வாரத்துக்கு பொதுவா காத்திருக்கும், ஆனா இடையில வேகமா வளந்தாலோ புண்ணா மாறினாலோ உடனே காட்டிருங்க. வீட்லயும் ஒண்ணு பாருங்க: டோலியோட உதட்டை தூக்கி ஈறைப் பாருங்க, அடிவயித்துல முடி கம்மியா இருக்குற இடத்தையும் பாருங்க, ஊசியால குத்துன மாதிரி சின்னச் சின்ன செவப்புப் புள்ளி இருந்தாலோ, எப்பவாவது மூக்குல ரத்தம் வந்திருந்தாலோ அன்னைக்கே காட்டணும்.

உண்ணி இன்னும் இருக்கான்னு காதுக்குள்ள, விரல் இடுக்குல தேடுங்க. நாயை மட்டும் சுத்தம் பண்ணி பிரயோசனம் இல்ல, இந்த உண்ணி சுவர் வெடிப்புலயும் கூட்டு இடுக்குலயும் போய் முட்டை போடும். உண்ணி மருந்து எதுன்னாலும் டாக்டரை கேட்டே போடுங்க, ஆபரேஷனுக்கு மொத நாள் புதுசா எதுவும் போடாதீங்க.

இனி மயக்க ஊசி பயம். இது நியாயமான பயம், பயப்படாதீங்கன்னு வெறும் வாய்ல சொல்லிட்டு போக எனக்கு மனசு வரல, ஒரு கணக்கு சொல்றேன். பிரிட்டன்ல பல கிளினிக்கை சேத்து பெரிய அளவுல பண்ணின ஒரு ஆய்வு 2008ல வெளியாச்சு. அதுல உடம்பு நல்லா இருந்த நாய்கள்ல மயக்க மருந்தை ஒட்டி இறந்தது ஏறக்குறைய 2,000க்கு 1. ஏற்கனவே நோயோட மேஜைக்கு வந்த நாய்கள்ல 75க்கு 1. அங்க உள்ள வசதிக்கு வந்த கணக்குதான், இருந்தாலும் இந்த ரெண்டு எண்ணுக்கும் நடுவுல எவ்வளவு தூரம் இருக்குன்னு பாருங்க. டோலி எந்த வரிசையில நிக்கப் போறாங்கறது பாதிக்கு மேல ஆபரேஷனுக்கு முந்தின இந்த ரெண்டு மூணு வாரத்துல நீங்களும் டாக்டரும் என்ன கண்டுபிடிச்சு சரி பண்றீங்கங்கறதுலதான் இருக்கு. அதான் உண்ணிக் காய்ச்சலை இவ்வளவு நேரம் பேசினேன்.

பக்கத்து வீட்டு பக் கதையை டோலி மேல ஏத்தாதீங்க. பக், ஷிட்சு மாதிரி சப்பை மூக்கு நாய்க்கு மூக்குத் துவாரம் சின்னது, தொண்டைக்குள்ள அண்ணம் நீளமா தொங்கும், முழிச்சிருக்கும்போதே அது குறட்டை விட்டுத்தான் மூச்சு விடும். அந்த நாய்களுக்கு ஆபரேஷன் நடக்கும்போது இருக்குற ஆபத்தை விட, முடிஞ்சு, மூச்சுக்குழாய்ல போட்ட டியூபை உருவின பிறகு, அரை மயக்கத்துல தொண்டை அடைக்கிறதுதான் பெரிய ஆபத்து. லேப்ரடாருக்கு மூஞ்சி நீளம், அந்த பிரச்சினை இல்ல. ஆனா லேப்ரடாருக்கு வேற ஒண்ணு உண்டு, எடை. நம்ம ஊர்ல வீட்டோட வளர்ற லேப்ரடார் பாதி, விலா எலும்பு கைக்கு தட்டாத அளவுக்கு குண்டு. ஆபரேஷனுக்கு மல்லாக்க படுக்க வைக்கும்போது அந்த கொழுப்பு எல்லாம் நெஞ்சை அமுக்கும், மூச்சு மேலோட்டமாத்தான் வரும். ஒரு வாரத்துல பத்து கிலோ குறைக்க முடியாது, அதுக்குன்னு பட்டினியும் போடாதீங்க, ஆனா இன்னைல இருந்து பிஸ்கட்டையும் மீன் கறிச் சோறையும் கொஞ்சம் குறைச்சு, காலையும் சாயங்காலமும் நடத்திட்டு போனா அந்த மட்டுக்கும் நல்லது. ஆபரேஷன் அன்னைக்கு தராசுல ஏத்தி எடை பாக்கணும், மருந்து அளவு கிலோ கணக்கு. "முப்பது முப்பத்தஞ்சு இருக்கும் டாக்டர்"னு ஒரு குத்துமதிப்பு சொல்றது ஆகாது.

சாப்பாடு விஷயத்துக்கு வாறேன். உங்க மாமியார் சொல்றது பாசத்துல சொல்றது, அவங்ககிட்ட சண்டை போடாதீங்க, காரணத்தை சொல்லுங்க. முழிச்சிருக்குற நாய் வாந்தி எடுத்தா துப்பிரும். மயக்கத்துல இருக்குற நாய்க்கு விழுங்குற உணர்ச்சியே இருக்காது, வயித்துல இருக்குறது தொண்டைக்கு ஏறி வந்தா நேரா மூச்சுக்குழாய்க்குள்ள போய் நுரையீரல்ல இறங்கிரும். ஆபரேஷன் நல்லா முடிஞ்சு, ரெண்டு நாள் கழிச்சு நிமோனியாவுல போற நாய் இப்படித்தான் போகுது. ரெண்டு இட்லின்னாலும் அதே கதைதான்.

எங்க கிளினிக்குக்கு குலசேகரம் பக்கத்துல இருந்து ஒரு பையன் நாட்டு நாய் ஒண்ணை கொண்டு வந்தான், ராத்திரியில இருந்து ஒண்ணும் குடுக்கலன்னு சத்தியம் பண்ணினான். மயக்கத்துக்கு முன்னாடி போடுற முதல் ஊசியில சைலசின்னு ஒரு மருந்து உண்டு, அது சில நாய்க்கு வாந்தி வர வைக்கும். ஊசி போட்டு கொஞ்ச நேரத்துல மரச்சீனி துண்டு துண்டா, சாளை மீன் முள்ளோட, தரை முழுக்க எடுத்துருச்சு. அந்த பையன் பொய் சொல்லல, விடியக்காலம் அவங்க பாட்டி எந்திரிச்சு பாவமா இருக்கேன்னு வச்சிருக்காங்க, அவனுக்கே தெரியாது. முழு மயக்கம் வர்றதுக்கு முன்னாடியே வெளிய வந்தது அந்த நாயோட நேரம். அன்னைக்கு ஆபரேஷன் பண்ணாம திருப்பி அனுப்பிட்டோம், அடுத்த வாரம் பண்ணினோம்.

அதனால உங்க வீட்ல இப்படி செய்யுங்க. மொத நாள் ராத்திரி எட்டு ஒன்பது மணிக்குள்ள கடைசி சாப்பாடு, எப்பவும் குடுக்குறதுல கொஞ்சம் கம்மியா, எண்ணெயும் எலும்பும் இல்லாம. அதை உங்க மாமியார் கையாலேயே வைக்கச் சொல்லுங்க, இதுதான் கடைசி, நாளைக்கு வந்த பிறகு முதல் சாப்பாடும் நீங்கதான் குடுக்கணும்னு சொல்லிடுங்க. தண்ணியை ராத்திரியே எடுத்துராதீங்க, காலைல கிளம்புற வரைக்கும் குடிக்கலாம். உங்க டாக்டர் வேற நேரம் சொன்னா அவர் சொன்னதுதான், ஏன்னா மணி குறிச்சிருக்குறது அவரு. முக்கியமா ராத்திரி டோலியை அவிழ்த்து விடாதீங்க. லேப்ரடார் முற்றத்துக்கு போனா கோழிக்கு போட்ட தீனி, மீன் கழுவின இடத்துல கிடக்குற செதில், மரத்தடியில விழுந்து கிடக்குற சக்கைச் சொளை, எதையும் விடாது, நீங்க பட்டினி போட்டீங்கன்னு நினைச்சிட்டு இருப்பீங்க அது வயிறு நிறைய வரும். எல்லாத்தையும் மீறி ஏதாவது தின்னுட்டா டாக்டர் திட்டுவாருன்னு மறைக்காதீங்க. திட்டட்டும், தேதிதான மாறும்.

வெறும் வயித்துல கெறங்கிருமான்னா, வளந்த ஆரோக்கியமான நாய் ஒரு ராத்திரி பட்டினியில ஒண்ணும் ஆகாது. இது எல்லாருக்கும் பொருந்தாதுங்கறதையும் இங்கயே சொல்லிடுறேன், ஏன்னா வேற யாராவது இதை படிச்சிட்டு அவங்க வீட்ல அப்படியே செஞ்சுருவாங்க. ரெண்டு மாசத்துக்கு உட்பட்ட குட்டியை ராத்திரி முழுக்க பட்டினி போட்டா சுகர் இறங்கிரும், ஒண்ணு ரெண்டு மணி நேரம் போதும். முயலுக்கு வாந்தியே வராது, அதைப் பட்டினி போட்டா குடல் வேலை நிறுத்திரும். இன்சுலின் போடுற நாய், பூனைக்கு டாக்டர் தனியா கணக்கு சொல்லுவாரு.

அடுத்தது மருந்து. டோலிக்கு இந்த ஒரு மாசத்துல என்னென்ன குடுத்தீங்களோ அத்தனையையும், மாத்திரை அட்டையோட ஒரு கவர்ல போட்டு கொண்டு போங்க. வைத்தியர் குடுத்த கசாயம், மெடிக்கல்ல கேட்டு வாங்கின வலி மாத்திரை, சொறிக்கு போட்ட ஊசி எல்லாம் இதுல சேரும். சொறிக்கு போடுற ஊசி நிறைய ஸ்டீராய்டு, அதுக்கு மேல ஆபரேஷன் முடிஞ்சு வலி ஊசி போட்டா இரைப்பையில புண் வந்து ரத்தமா வாந்தி எடுக்கலாம். அதுக்காக நீங்களா ஸ்டீராய்டை திடீர்னு நிறுத்தவும் கூடாது. வலிப்பு மாத்திரை சாப்பிடுற நாய்க்கும் அப்படித்தான், ஆபரேஷன் அன்னைக்குங்கறதுக்காக நிறுத்திராதீங்க. நம்ம சாப்பிடுற புரூஃபென், டைக்ளோஃபெனாக் நாய்க்கு குடுக்கவே குடுக்காதீங்க. பூனை வச்சிருக்கவங்களுக்கு, பாராசிட்டமால் ஒரு மாத்திரையே உயிரை எடுத்துரும்.

டோலி கடைசியா எப்ப ஹீட்டுக்கு, அதாவது இணை சேர்ற பருவத்துக்கு வந்தான்னு நீங்க எழுதல. தேதியை நினைவுபடுத்தி டாக்டர்கிட்ட சொல்லுங்க. அந்த நேரத்துல கர்ப்பப்பைக்கு போற ரத்தக்குழாய் எல்லாம் தடிச்சு நிக்கும், ரத்தம் கூட போகும், அதனால முடிஞ்ச வரை ஹீட் முடிஞ்சு ரெண்டு மூணு மாசம் கழிச்சு செய்யறதுதான் நல்லது. ஆனா காத்திருக்குற இந்த நேரத்துல டோலி வழக்கத்தை விட தண்ணி அதிகமா குடிச்சா, சாப்பிடாம சோர்ந்து படுத்தா, பின்பக்கம் சீழ் மாதிரி வடிஞ்சா, ஒரு நாள் கூட பொறுக்காதீங்க. அது கர்ப்பப்பையில சீழ் பிடிக்கிறது, ஹீட் முடிஞ்சு ஒண்ணு ரெண்டு மாசத்துல வயசான பொட்டை நாய்களுக்கு வரும். சீழ் வெளிய வடியாம உள்ளேயே தேங்குறதும் உண்டு, அது இன்னும் மோசம்.

ஆபரேஷன் பண்ணலாமா வேண்டாமான்னு கேட்டீங்கள்ல, பண்ணணும்ங்கறதுதான் என் கருத்து. பொட்டை நாயோட மடியில வர்ற கட்டியில சுமார் பாதி கெட்ட கட்டியா, அதாவது புற்றுநோய் கட்டியா இருக்கும், நெல்லிக்கா அளவுல எடுக்குறதும் தேங்கா அளவுல எடுக்குறதும் ஒண்ணு இல்ல. ஆனா கத்தி வைக்கிறதுக்கு முன்னாடி நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துருங்க, இந்த கட்டி பரவினா பெரும்பாலும் நுரையீரலுக்குத்தான் போகும், அங்க ஏற்கனவே போயிருந்தா பேச்சே வேற. எடுத்த கட்டியை தூரப் போட விடாம, கெட்டுப் போகாம வைக்கிற ஃபார்மலின் மருந்துல போட்டு டெஸ்டுக்கு அனுப்பச் சொல்லுங்க. இங்க வசதி இல்லன்னாலோ இன்னொரு டாக்டர் கருத்து வேணும்னாலோ திருநெல்வேலி ராமையன்பட்டியில அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு, அங்க போகலாம்.

டாக்டர்கிட்ட கூச்சப்படாம நாலு கேள்வி கேளுங்க. நீங்க தைக்கும்போது மயக்கத்தை யாரு பாத்துக்குவா? ஆக்ஸிஜன் இருக்கா? மூச்சுக்குழாய்ல டியூப் போடுவீங்களா? ராத்திரி ஏதாவதுன்னா எந்த நம்பர்ல கூப்பிடணும்? இதைக் கேட்டா கோவப்படுற டாக்டரை விட பொறுமையா பதில் சொல்ற டாக்டர்கிட்ட போறது உங்களுக்கும் நிம்மதி. கையெழுத்து கேக்குற பேப்பரை வாசிச்சுட்டு போடுங்க, அது டாக்டர் தப்பிக்கிறதுக்குன்னு நினைச்சுராதீங்க, ஆபத்தை உங்ககிட்ட சொல்லிட்டாங்கங்கறதுக்கான பேப்பர் அது.

உள்ள என்ன நடக்கும்னு தெரிஞ்சா கொஞ்சம் பயம் குறையும். முன்னங்கால்ல ஒரு இடத்துல முடியை வழிச்சு கேனுலா, அதாவது ரத்தக்குழாய்ல மருந்து ஏத்துற சின்னக் குழாய் போடுவாங்க, முதல் ஊசியில கண்ணு சொருகி தலை தொங்கும், அடுத்த மருந்துல முழுசா தூங்கிரும். வாயைத் திறந்து டியூபை இறக்கி, அதோட முனையில இருக்குற சின்ன பலூனை ஊதி விடுவாங்க, எச்சியோ வாந்தியோ நுரையீரலுக்கு போகாம அது தடுக்கும். நாக்குல ஒரு கிளிப் மாட்டுவாங்க, ஆக்ஸிஜன் அளவும் நாடித்துடிப்பும் அதுல தெரியும். மயக்கத்துல நாய் கண்ணை மூடாது, திறந்தபடியே இருக்கும், கருவிழி காஞ்சு போகாம இருக்க களிம்பு போடுவாங்க. அப்படி கண்ணு திறந்து நாக்கு வெளிய தொங்குற கோலத்துல பாத்துட்டுத்தான் நிறைய பேரு செத்துட்டுன்னு நினைச்சு அழுதுருவாங்க.

போகும்போது ஆட்டோல காலடியில சாக்கு விரிச்சு படுக்க வைங்க, ஏறுறதுக்கு முன்னாடி ஒரு நடை நடத்தி மூத்திரம் பெய்ய விடுங்க. வில்லுக்குறி தாண்டுறதுக்குள்ள வாந்தி எடுக்குற நாய்னா அதையும் முன்னாடியே சொல்லணும். மொத நாளே குளிப்பாட்டி நல்லா காய வச்சிருங்க, ஈர முடியோட வந்தா மயக்கத்துல உடம்பு குளிர்ந்து போகும்.

திரும்பும்போது அவசரப்படாதீங்க. அதே பிரிட்டன் ஆய்வுல இறந்த நாய்கள்ல கிட்டத்தட்ட பாதி இறந்தது ஆபரேஷன் முடிஞ்ச பிறகுதான், அதுலயும் பெரும்பாலும் முதல் மூணு மணி நேரத்துக்குள்ள. அதனால தலை தூக்கி, கூப்பிட்டா திரும்பி பாத்து, தானா எந்திரிச்சு நிக்கிற வரைக்கும் கிளினிக்குலயே வச்சிருங்கன்னு நீங்களே கேளுங்க. மருந்து தெளியும்போது முனங்கும், தள்ளாடும், காலை உதைக்கும், உங்களையே அடையாளம் தெரியாத மாதிரி பாக்கும், அதெல்லாம் போயிரும். வீட்ல கட்டில் மேல ஏத்தாம தரையில கனமான போர்வை விரிச்சு, கழுத்து மடங்காம நேரா இருக்குற மாதிரி படுக்க வைங்க, ஃபேன் காத்து நேரா பட வேண்டாம். நல்லா தெளிஞ்ச பிறகு கொஞ்சம் தண்ணி, அது தங்கினா ராத்திரி கால் வயித்துக்கு குழைஞ்ச சோறும் உப்பு, வெங்காயம் போடாம அவிச்ச கோழியும் போதும். டியூப் போட்டதால ஒரு ரெண்டு நாள் லேசா இருமும். ஈறு வெளுத்துப் போனா, வயிறு உப்பிட்டே வந்தா, மறுநாள் காலைலயும் எந்திரிக்கலன்னா, அந்த ராத்திரி நம்பரை உடனே கூப்பிடுங்க.

தையல் பிரிக்க 10ல இருந்து 14 நாள் ஆகும். அது வரைக்கும் கழுத்துல கூம்பு காலர் இருக்கணும், பாவம் பாத்து கழட்டினா அஞ்சு நிமிஷத்துல பல்லால தையலை பிரிச்சுரும். மஞ்சள், வெளிச்செண்ணெய், பவுடர் எதுவும் புண்ணுல வேண்டாம். நம்ம மாவட்டத்துக்கு ஆனி ஆடியிலயும் மழை, ஐப்பசி கார்த்திகையிலயும் மழை, முற்றத்துல ஈரத்துல விட்டா தையல் ஊறி, ஈ மொய்ச்சு புழு வச்சிரும். மழைக்காலம்னா அந்த ரெண்டு வாரமும் வீட்டுக்குள்ளேயே ஒரு மூலை ஒதுக்கி குடுங்க, மூத்திரத்துக்கு மட்டும் கயித்துல பிடிச்சு கொண்டு போய் கொண்டு வாங்க.

இந்த வாரமே போய் ரத்தம் எடுத்துருங்க, ஆபரேஷன் தேதியை ரிப்போர்ட் கையில வந்த பிறகு கேளுங்க. ரிப்போர்ட்டை பாத்துட்டு டாக்டர் இன்னும் நாலு வாரம் பொறுக்கணும்னு சொன்னா மனசு விட்டுராதீங்க மக்களே, அந்த மாத்திரையை இந்த தடவை கடைசி மாத்திரை வரைக்கும் குடுங்க.